நீக்கிய பயனர்களிடமே நிற்கும் ஈஆர்பி லைசென்ஸ், விடுவிப்பது எப்படி?

எங்கள் கிளவுட் ஈஆர்பியில் (நிறுவன நிர்வாக மென்பொருள்) பயனர் லைசென்ஸ் மொத்தம் 50. உயிரோடு இருக்கும் கணக்குகள் 41தான். ஆனாலும் 50ம் தீர்ந்துவிட்டதாகக் காட்டுகிறது. புதியவர்களைச் சேர்க்க முடியவில்லை. அடுத்த மாதம் புதுப்பிப்பு வேறு, இந்த 9க்கும் சேர்த்துக் கட்ட வேண்டிவரும்.

பயனர்கள் என்ட்ரா ஐடியிலிருந்து (மைக்ரோசாஃப்டின் கணக்கு நிர்வாகச் சேவை) ஸ்கிம் வழியாக, அதாவது பயனர் விவரங்களைத் தானாகக் கடத்தும் நெறிமுறை வழியாக வருகிறார்கள். அங்கே நீக்கி 30 நாள் தாண்டிவிட்டதால் மீட்க வழியில்லை. நீக்கியதும் ஸ்கிம் கணக்கை முடக்கத்தான் சொல்லும். ஈஆர்பி உள்நுழைவை மூடியது, லைசென்ஸைத் தொடவில்லை. 30 நாள் கழித்து வந்த டிலீட் கோரிக்கையோ 409 (முரண்பாடு) பிழையோடு திரும்பியிருக்கிறது. பழைய வவுச்சர்களில் அந்தப் பயனர் எண் இருப்பதுதான் காரணம்.

அதே மின்னஞ்சலில் புதுக் கணக்கு திறந்து பார்த்தேன். ஆப்ஜெக்ட் ஐடி (என்ட்ரா ஒவ்வொரு கணக்குக்கும் தரும் தனி அடையாளம்) மாறிவிடுவதால் பழைய பதிவோடு ஒட்டவில்லை. நிர்வாகத் திரையில் முடக்கிய பயனர்களின் பெயர் வருகிறது, ஆனால் லைசென்ஸ் கட்டம் மங்கிக் கிடக்கிறது, டிக்கை எடுக்க விடவில்லை. ஒருங்கிணைப்பை முதலிலிருந்து ஓட்டியும் எண்ணிக்கை குறையவில்லை. டேட்டாபேஸில் நேரடியாகக் கைவைக்க மாட்டேன், தணிக்கை இருக்கிறது.

ஏபிஐ (நிரல்வழி இணைப்பு) மூலம் பழைய கணக்கை மீண்டும் ஆக்டிவ் ஆக்கி, லைசென்ஸைக் கழற்றி, மறுபடி முடக்கினால், பழைய வவுச்சர்களின் தணிக்கைப் பதிவு கெடாமல் இருக்குமா?