சரித்திரக் காதல் நாவல் எப்போது மனநிறைவு தருகிறது?

நூலகவாசி எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். சரித்திரப் பின்னணி கொண்ட காதல் நாவல்களை அண்மைக்காலமாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். அரண்மனை, நந்தவனம், வாள்வீச்சு, ஓலைத்தூது எல்லாம் குறைவின்றி இருந்தும், பல நாவல்கள் படித்து முடித்த மறுநாளே மறந்துபோகின்றன. கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ காதலர்களைச் சேர்த்து வைக்காமலேயே முடிகிறது; ஆனாலும் அதை வாசித்தவர்களுக்கு ஏமாற்றம் ஏற்படுவதில்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று தங்கள் வாசிப்பு அனுபவத்திலிருந்து கூற வேண்டுகிறேன்.

பாலாற்றங்கரை எழுதியது:

காதலுக்கு வரும் தடை அந்தக் காலத்திலிருந்தே பிறந்திருக்க வேண்டும் என்பதே என் முதல் எதிர்பார்ப்பு. ஓலை கைமாறிப் போனது, ஒட்டுக்கேட்டவர் தவறாகப் புரிந்துகொண்டார் என்பன போன்ற தற்செயல்களால் பிரியும் காதலர்களை எந்த நூற்றாண்டிலும் வைத்துக் கதை எழுதிவிடலாம். அதற்குப் பல்லவரோ சோழரோ தேவையில்லை. சிவகாமியின் நிலை அத்தகையது அன்று. அவள் சிற்பியின் மகள், நாட்டியத்துக்கென்றே வாழ்பவள். அவள் காதலிக்கும் பல்லவ இளவரசர் மாமல்லரோ நாளை அரியணை ஏற வேண்டியவர். சாளுக்கியப் படையெடுப்பு நேராமல் இருந்திருந்தாலும் இந்த இடைவெளி எளிதில் நிரம்பியிருக்காது. அவள் சாளுக்கியரிடம் சிறைப்பட்ட பின்னர், மாமல்லரே மாறுவேடத்தில் அவர்களுடைய தலைநகரான வாதாபிக்கு வந்து அழைத்தபோது, நகரம் எரிவதைக் கண்ட பிறகே வெளியேறுவேன் என்று அவள் மறுக்கிறாள். அந்த மறுப்பு நம்மைத் தவிக்கவைக்கிறது. ஆயினும் பக்கம் பக்கமாக அவளுடைய தன்மானத்தை அறிந்து வந்தவர்களுக்கு அவள் வேறு விதமாக நடந்திருக்க முடியாது என்றே தோன்றும்.

வாதாபி வீழ்ந்தது 642ஆம் ஆண்டில் என்பதும், மாமல்லர் எனப்படும் நரசிம்மவர்மரின் கல்வெட்டு ஒன்று அந்நகரிலேயே இருக்கிறது என்பதும் வரலாறு. ஆகவே போரில் யார் வெல்வார் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும். சிவகாமியோ கற்பனைப் பாத்திரம். அந்த வெற்றி வந்து சேரும்போது அவளுக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்பதை எந்தக் கல்வெட்டும் சொல்வதில்லை. முடிவு தெரிந்த போரையும் முடிவு தெரியாத ஒரு வாழ்க்கையையும் பிணைத்த இடத்தில்தான் நாவலின் உயிர் இருக்கிறது.

கல்வெட்டுக்காதலர் எழுதியது:

பாலாற்றங்கரை அவர்கள் கூறியதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரிவில்தான் நிறைவு கிட்டும் என்ற எண்ணம் யாருக்கும் வந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். குந்தவையார் வல்லவரையர் வந்தியதேவரின் தேவியார் என்பது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் தெளிவாக உள்ள செய்தி. அதே கோயிலில் இராசராசர் கொடைகளைப் பட்டியலிடச் சொல்லும்போது ‘நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்’ என்று தமக்குப் பின் தமக்கையான குந்தவையைத்தான் முதலில் குறிக்கிறார். தேவியர் அதன் பிறகே வருகின்றனர். இத்தனை செல்வாக்குள்ள ஓர் இளவரசி நாடிழந்த வாணர்குல இளைஞனை ஏன் தேர்ந்தெடுத்தாள் என்ற கேள்விக்குக் கல்லில் விடை இல்லை. ‘பொன்னியின் செல்வன்’ அந்த விடையைக் கட்டி எழுப்புகிறது. சோழநாட்டை விட்டு வேறு நாட்டுக்கு மணமாகிப் போக மாட்டேன் என்பது குந்தவையின் உறுதி. அவளுடைய காதலையும் அரசியலையும் அதில் பிரித்துப் பார்க்க இயலாது. அரிசிலாற்றங்கரையில் பஞ்சு அடைத்த முதலையின் மீது வந்தியத்தேவன் வேலெறிய, பெண்கள் நகைக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். வீரனாகத் தோன்ற விரும்பியவன் வெட்கிப்போகிறான். அந்த வெட்கத்தில்தான் அவன் நமக்கு நெருக்கமாகிறான்.

நூலகவாசி எழுதியது:

இருவருக்கும் நன்றி. நான் மறந்துபோன நாவல்களில் நாயகியின் அழகு பல பக்கங்களுக்கு வருணிக்கப்படுகிறது. அவள் என்ன நினைக்கிறாள் என்பது மட்டும் கடைசிவரை தெரிவதில்லை. குறை அங்கேதான் இருக்கிறதோ என்று இப்போது தோன்றுகிறது.

மாலைவாசகி எழுதியது:

பெரும்பாலும் அங்கேதான், தோழி. அவளுக்கென்று ஒரு வேலையோ கலையோ பொறுப்போ இல்லாதபோது, காதலன் வரும்வரை காத்திருப்பதைத் தவிர ஆசிரியரால் அவளுக்கு எதையும் கொடுக்க முடிவதில்லை. சிவகாமிக்கு நடனம் இருந்ததால்தான் நாவலின் முடிவு சாத்தியமாயிற்று: ஏகாம்பரநாதர் சன்னிதியில் இறைவனையே தலைவனாகக் கொண்ட ‘முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்’ என்னும் அப்பர் பாடலுக்கு அவள் ஆடும்போது, தலைவன் என்ற சொல்லில் மாமல்லருக்கு இனி இடமில்லை. அப்பர் அதே காலத்தில் வாழ்ந்தவர் என்பதால் அந்தப் பாடல் வெளியிலிருந்து ஒட்டவைத்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன். மாமல்லர் மணந்த பாண்டிய இளவரசி வானமாதேவியை ஆசிரியர் கெட்டவளாக்கவில்லை. அவள் கணவனிடம் மெய்யான அன்பு கொண்டவள். அவளை வெறுத்துவிட்டு நிம்மதி அடையும் எளிய வழி வாசகருக்கு அடைக்கப்பட்டுவிடுகிறது. மூவரில் எவரையும் குற்றம் சொல்ல முடியாத அந்த நிலையைப் பிற்கால நாவல்களில் நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். அப்படி எழுதப்பட்டவை தங்களுக்குத் தெரிந்திருந்தால் அவசியம் குறிப்பிடுங்கள்.