ரெஸ்யூமேவோடு போட்டோ கேட்கிறார்களா? எப்போது கேட்கிறார்கள் என்று பாருங்கள்

வெளிநாட்டு மொழிப்பள்ளி விளம்பரங்களில் "ரெஸ்யூமே, பட்டச் சான்றிதழ், சமீபத்திய புகைப்படம்" என்று ஒரே மூச்சில் கேட்டுவிடுகிறார்கள். பாடம் நடத்த முகம் எதற்கு என்று புதிதாக விண்ணப்பிப்பவர்கள் குழம்புகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் இங்கே பதில் போடுங்கள்; எந்த நாடு, என்ன வகைப் பள்ளி, எந்தக் கட்டத்தில் கேட்டார்கள் என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், விவரம் போதும்.

*

முதலில் படிவப் பழக்கம். ஜப்பானில் ரிரெகிஷோ என்ற அச்சிட்ட ரெஸ்யூமே படிவத்தின் மேல் மூலையிலேயே போட்டோவுக்குக் கட்டம் இருக்கும். உயரம் 4 செ.மீ., அகலம் 3 செ.மீ. அங்கே கடையில் சேர விண்ணப்பிக்கும் உள்ளூர்க்காரரும் அதில் படம் ஒட்டித்தான் கொடுப்பார். அரசு 2021-இல் புதிய மாதிரிப் படிவம் வெளியிட்டபோது பாலினத்தை நிரப்புவது அவரவர் விருப்பம் என்று மாற்றினார்கள், போட்டோ கட்டத்தை மட்டும் தொடவில்லை. ஆகவே ஜப்பானியப் பள்ளி படம் கேட்டால் அதில் தனியாக உள்நோக்கம் தேட வேண்டியதில்லை.

தென்கொரியாவிலும் பழைய பழக்கம் இதுதான். ஆனால் அங்கே விவாதம் முற்றிவிட்டது. அரசு நிறுவனங்களின் விண்ணப்பப் படிவத்திலிருந்து 2017-இல் போட்டோவை எடுத்தார்கள். 2019-இல் திருத்திய பணியமர்த்தல் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் வேலைக்குத் தொடர்பில்லாமல் உயரம், எடை, சொந்த ஊர், திருமண நிலை கேட்கக்கூடாது. மீறினால் 50 லட்சம் வோன் வரை அபராதம். புகைப்படத்தை மட்டும் அந்தச் சட்டம் தடுக்கவில்லை. இன்னொன்று, ஹாக்வான் எனப்படும் தனியார் பயிற்சிப் பள்ளிகளில் பல 30 பேரைத் தொடாத சிறிய இடங்கள். சட்டத்தின் கை அங்கே எட்டாது.

ஜெர்மனியில் பாகுபாட்டைத் தடுக்கும் 2006-இன் சமநடத்தைச் சட்டத்துக்குப் பிறகு படம் கட்டாயம் என்று கேட்பதைத் தவிர்க்கிறார்கள். ஆனாலும் தாங்களாகவே வைத்து அனுப்புபவர்கள் இன்றும் நிறைய.

*

மேலே சொன்னது சரி. ஆனால் பழக்கம் என்ற ஒரே திரையை எல்லாவற்றுக்கும் போர்த்த முடியாது. தனியார் பள்ளிக்கு ஆசிரியர் முகம் ஒரு விற்பனைப் பொருள். பணம் கட்டுவது பெற்றோர். குழந்தையை உட்காரவைத்துப் பாடம் நடத்திக் காட்டிச் சேர்க்கைக்கு இழுக்க நேரமாகும். வாசலில் ஒரு பெரிய படம், இணையதளத்தில் ஒரு வரிசை முகங்கள் இருந்தால் போதும். அந்த வரிசையில் எந்த நிறத்து முகம் இருந்தால் "அசல் ஆங்கிலம்" என்று பெற்றோர் நம்புவார்கள் என்பதைப் பள்ளி கணக்குப் போட்டு வைத்திருக்கும். ஏஜென்ட் வழியாகப் போகும் விண்ணப்பங்களில் இந்தக் கணக்கு இன்னும் பச்சையாகத் தெரியும். ஏஜென்ட் பத்துப் பேரின் விவரங்களை ஒரே கோப்பாக்கி அனுப்புவார். பள்ளி நிர்வாகி முதல் பக்கத்துப் படத்தைப் பார்ப்பார், இரண்டாம் பக்கத்தில் இருக்கும் அனுபவம் கண்ணில் படாமலேயே போகும்.

குடியுரிமையையும் நிறத்தையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. கொரியாவில் வெளிநாட்டு மொழி ஆசிரியர்களுக்குத் தரும் ஈ-2 விசாவில் ஆங்கிலம் கற்பிக்கப் பொதுவாக அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் குடியுரிமை கேட்பார்கள். அது எழுதி வைத்த விதி. அதைச் சோதிக்க பாஸ்போர்ட்டின் நாட்டுப் பெயர் போதும். குடியுரிமை பொருந்தியும் படம் போன பிறகு பதிலே வராமல் நின்றுபோனால், நின்ற இடம் எது என்று யூகிக்கலாம், நிரூபிக்க முடியாது. இந்த ஏற்பாட்டின் வசதியே அதுதான். வயதும் இதே வழியில்தான் கழிக்கப்படுகிறது.

*

விசாவுக்காகத்தான் கேட்கிறோம் என்று பள்ளி சொன்னால் ஒரு எதிர்க்கேள்வி போதும்: "எந்த அளவில் வேண்டும்?" உண்மையிலேயே விசாவுக்கு என்றால் அளவு சொல்வார்கள், ஏனென்றால் அளவு தவறினால் திரும்பி வருவது அவர்கள் போட்ட விண்ணப்பம்.

ஜப்பான் தங்கும் தகுதிச் சான்று (விசாவுக்கு முன் வாங்குவது): 3 × 4 செ.மீ.
கொரிய விசா: 3.5 × 4.5 செ.மீ.
சீன விசா: 33 × 48 மி.மீ., வெள்ளைப் பின்னணி
வியட்நாம் வேலை அனுமதி: 4 × 6 செ.மீ., வெள்ளைப் பின்னணி, இரண்டு பிரதி

இவை எல்லாமே வேலை உறுதியான பிறகு வரும் தாள்கள். "நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு படம், முடிந்தால் முழு உருவம்" என்று நேர்காணலுக்கு முன்பே கேட்டால் அது விசாவுக்கு இல்லை. முழு உருவப் படத்தை எந்த விசா அலுவலகமும் கேட்பதில்லை.

*

அமெரிக்கா, பிரிட்டன், கனடா பக்கம் போவதாக இருந்தால் தலைகீழ். படம் வைக்காதீர்கள். அமெரிக்காவின் சம வேலைவாய்ப்பு ஆணையம், விண்ணப்பதாரரிடம் படம் கேட்க வேண்டாம், அடையாளத்துக்குத் தேவை என்றால் வேலையை அவர் ஏற்றுக்கொண்ட பிறகு வாங்கிக்கொள்ளுங்கள் என்றே முதலாளிகளுக்குச் சொல்கிறது. நீங்களாக வைத்து அனுப்பினால் பின்னாளில் பாகுபாடு வழக்கு வருமோ என்று அவர்கள்தான் நெளிவார்கள். ரெஸ்யூமேவை இரண்டாக வைத்துக்கொள்வது நல்லது: படத்தோடு ஒன்று, இல்லாமல் ஒன்று.

*

அனுப்புவது என்று முடிவானால் ஒழுங்காக எடுத்து அனுப்புங்கள். ஸ்டூடியோ கட்டாயமில்லை, போன் போதும். பெரும்பாலான படங்கள் கெடுவது கீழ்க்கண்ட இடங்களில்தான்.

சுவரில் சாய்ந்து நிற்காதீர்கள், பின்னால் நிழல் விழும். சுவருக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு மீட்டராவது இடைவெளி விட்டு, ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள். போனைக் கண் உயரத்தில், ஒன்றரை இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். கை நீளத்தில் வைத்து எடுத்தால் மூக்கு பெரிதாகி, காது பின்னால் போய்விடும். தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்தால் முகம் இயல்பாக இருக்கும். வேறொருவரை எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் டைமர்.

மாநிறமோ கறுப்போ ஆனவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் கேமரா மொத்த வெளிச்சத்தையும் குறைத்துவிடும், முகம் இருண்டு கண் தெரியாது. திரையில் முகத்தைத் தொட்டுவிட்டு எக்ஸ்போஷரைக் கொஞ்சம் ஏற்றுங்கள். முகத்தின் உண்மை நிறம் வரும் அளவுக்கு ஏற்றினால் போதும், வெளுக்க வைக்கத் தேவையில்லை. பியூட்டி ஃபில்டரை அணைத்துவிடுங்கள். சில போன்களில் அது தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். வீடியோ நேர்காணலில் வேறு முகம் வந்தால் ஆளே மாறிவிட்டதாக நினைப்பார்கள், விசா அலுவலகமோ அப்படியே தள்ளிவிடும். வெள்ளைப் பின்னணிக்கு வெள்ளைச் சட்டை போட்டால் தோள் காணாமல் போகும். கண்ணாடியில் ஒளி பளிச்சிட்டால் அதன் காதுப் பகுதியைச் சற்றே தூக்கி வையுங்கள், அல்லது கழற்றிவிடுங்கள்.

பிறகு கோப்பு. 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 3.5 × 4.5 செ.மீ. என்றால் 413 × 531 பிக்சல். 3 × 4 என்றால் 354 × 472. ஐபோன் படம் எச்இஐசி வடிவத்தில் இருக்கும், பல இணையப் படிவங்கள் அதைத் திறக்காது. ஜேபிஜி ஆக்கி அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் நசுங்கும், டாக்குமென்ட்டாக இணையுங்கள். வேர்டு கோப்பில் படம் வைத்தால் வேறு கணினியில் திறக்கும்போது அது எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும், ஆகவே பிடிஎஃப்.

*

மேலே விட்டுப்போன ஒன்று: போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் இருப்பிட விவரம் பதிவாகி இருக்கலாம். பகிரும்போது அதை நீக்கும் வசதி போனிலேயே உண்டு. முகம் தெரியாத ஏஜென்ட்டுக்கு வீட்டு முகவரியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.

அதைவிட முக்கியம், படம், பாஸ்போர்ட் ஸ்கேன், கையெழுத்து மூன்றையும் நேர்காணல் நடக்கும் முன் ஒன்றாகக் கேட்டால் நிறுத்துங்கள். மூன்றும் சேர்ந்தால் உங்கள் பெயரில் வேறொருவர் ஆவணம் தயாரிக்க வசதி. குடியுரிமையைக் காட்டத்தான் என்றால் பாஸ்போர்ட் எண்ணையும் கீழே உள்ள இரண்டு வரி எழுத்துக்களையும் மறைத்து, குறுக்கே பள்ளியின் பெயர், தேதி, "விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று எழுதி அனுப்பலாம். உண்மையான பள்ளி இதற்குக் கோபித்துக்கொள்ளாது. முழுப் பிரதி ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகு.

*

படம் அனுப்ப மறுத்தால் வாய்ப்பு போகுமா?

*

ஜப்பானிலும் கொரியாவிலும் சும்மா விட்டுவிட்டால் விண்ணப்பம் முழுமையில்லை என்று ஒதுக்கப்படும் சாத்தியம் அதிகம். மறுப்பதற்குப் பதில் மாற்றிக் கொடுங்கள்: "புகைப்படம் விசா வேலை தொடங்கும்போது தருகிறேன். அதற்கு முன் பத்து நிமிட வீடியோ நேர்காணலோ டெமோ வகுப்போ நடத்தத் தயார்." அடையாளம் சரிபார்ப்பது உண்மைக் காரணமாக இருந்தால் இது அவர்களுக்குப் போதும். முகம் எப்படியும் தெரியத்தான் போகிறது. ஆனால் அதற்குள் நீங்கள் பாடம் நடத்தத் தொடங்கியிருப்பீர்கள்.

அனுப்பினால் கடிதத்தில் இந்த ஒரு வரியையும் சேருங்கள்: "இப்படம் பணித் தேர்வுக்கு மட்டும். விளம்பரத்திலோ இணையதளத்திலோ பயன்படுத்த என் எழுத்துப்பூர்வ சம்மதம் தேவை." வேலை கிடைத்ததும் ஒப்பந்தத்தில் படம், வீடியோ பற்றிய பத்தியைத் தேடிப் பாருங்கள். வேலையை விட்ட பிறகும் பயன்படுத்தலாம் என்று எழுதியிருந்தால், விலகிய 30 நாளுக்குள் நீக்க வேண்டும் என்று திருத்தக் கேளுங்கள். கையெழுத்துக்கு முன்பு கேட்டால்தான் மாற்றுவார்கள்.