ஒபர்லீகா முதலாம் டிவிஷனா, ஐந்தாம் டிவிஷனா? மாமாவோடு கொத்துப் பந்தயம்

வெள்ளவத்தைப் பெடியன்:

எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சியின் சாமத்திய வீட்டுக்காக மாமா ஜேர்மனியில் இருந்து வந்திருக்கிறார். ஹேர்னே என்ற ஊரில் முப்பது வருடத்துக்கு மேல் இருப்பவர். எனக்கு டோர்ட்முண்ட் ஃபுட்போல் கிளப்பின் ஜேர்சி வரும் என்று காத்திருந்தால், பெட்டியைத் திறந்து நீலமும் வெள்ளையுமாக ஒரு கம்பளி மப்ளரை எடுத்துத் தந்தார். கொழும்பு வெக்கைக்குக் கம்பளி மப்ளர்! அம்மா அதைத் தையல் மெஷினுக்கு மூடுசீலையாகப் போட்டுவிட்டார்.

அதில் 'வெஸ்ட்ஃபாலியா ஹேர்னே' என்றும், கீழே 'வெஸ்ட்மைஸ்டர் 1959' என்றும் இருக்கிறது. என்ன இது என்று கேட்டேன். 1959இல் ஒபர்லீகாவில் ஷால்க்கே, டோர்ட்முண்ட், கெல்ன் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளி இந்த ரீம் முதலாவதாக வந்தது என்கிறார் மாமா. நான் போனில் தேடிப் பார்த்தேன். ஒபர்லீகா ஐந்தாம் டிவிஷன். அங்கே டோர்ட்முண்ட் எப்படி வரும்? சொன்னதும் மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தோற்றவர் வீட்டில் எல்லோருக்கும் கொத்து வாங்க வேண்டும் என்று பந்தயம். வீட்டில் இப்போது பதினொரு பேர். யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை கீப்பர்:

தம்பி, பந்தயம் உங்களுக்குத்தான். பண்டெஸ்லீகா, இரண்டாம் பண்டெஸ்லீகா, மூன்றாம் லீகா, ரெகியோனல்லீகா, அதற்குக் கீழே ஒபர்லீகா. விரல் விட்டு எண்ணுங்கள், ஐந்து. வெளிநாட்டு மாமாமார் புழுகுவது புதுசா? எனக்கும் ஒரு சிக்கன் கொத்து.

திரும்பி வந்தவன்:

கீப்பர் சொல்வது இன்றைக்குச் சரி. 1959க்குப் பிழை. தம்பி, பதினொரு கொத்துக்கும் காசை எடுத்து வையுங்கள்.

வெள்ளவத்தையில் இருப்பவருக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம். உங்கள் ஒழுங்கையில் ஒரு காலத்தில் மொட்டை மாடியாக இருந்த தளம், மேலே மேலே ப்ளட் கட்டக் கட்ட நடு மாடியாகிப் போகவில்லையா? அதே கதைதான். யுத்தம் முடிந்த கையோடு மேற்கு ஜேர்மனியில் நாடு முழுவதுக்கும் ஒரு லீக் இல்லை. தெற்கு, தென்மேற்கு, வடக்கு, மேற்கு, பெர்லின் என்று ஐந்து பிராந்திய லீக்குகள் இருந்தன. அவைதான் உச்சி. தெற்கு 1945இலேயே தொடங்கியது. ஹேர்னே, டோர்ட்முண்ட் எல்லாம் இருக்கும் சுரங்கப் பகுதியான ரூர் பிரித்தானியர் கையில் இருந்தது. அங்கே ஒபர்லீகா மேற்கு 1947இல்தான் தொடங்கியது. அதில் முதலாவதாக வருபவரைத்தான் 'வெஸ்ட்மைஸ்டர்', மேற்கின் சாம்பியன் என்பார்கள். ஐந்து லீக்குகளிலும் முன்னுக்கு வந்தவர்கள் பிறகு தங்களுக்குள் மோதி, இறுதி ஆட்டத்தில் ஜேர்மன் சாம்பியன் யார் என்று முடிவாகும்.

அதற்குப் பிறகு கட்டிய மாடிகள் நான்கு: 1963இல் பண்டெஸ்லீகா, 1974இல் இரண்டாம் பண்டெஸ்லீகா, 1994இல் ரெகியோனல்லீகா, 2008இல் மூன்றாம் லீகா. ஒபர்லீகா என்ற பெயர் 1963இல் இல்லாமல் போய், 1974க்குப் பிறகு மூன்றாம் தட்டில் திரும்பி வந்து, அங்கிருந்து இறங்கி இறங்கி ஐந்தாம் தட்டுக்குப் போனது. ஆகவே நீங்களும் பொய் சொல்லவில்லை, மாமாவும் பொய் சொல்லவில்லை. ஆனால் பந்தயம் 1959ஐப் பற்றியது.

நான் 1991 முதல் 17 வருடம் அதே ஹேர்னேயில் இருந்தவன், ஸோடிங்கன் பக்கம். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி. அவருடைய புறங்கையில் நீல நிறத்தில் கோடு கோடாக இருக்கும். பச்சை குத்தியிருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். காயம் ஆறுவதற்கு முன் நிலக்கரித் தூள் உள்ளே போனால் அப்படியே தோலுக்குள் தங்கிவிடுமாம். கூரைக்குக் கீழே புறா வளர்த்தார். ஞாயிற்றுக்கிழமை கோப்பிக்குக் கூப்பிட்டால் எனக்குப் பயம், ஏனென்றால் ஒபர்லீகா வருட வாரியாக ஒப்புவிப்பார்: 48, 49, 50 டோர்ட்முண்ட், 51 ஷால்க்கே, 52 ரொட்-வைஸ் எசன்... 59 வந்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் 'ஹேர்னே' என்பார். அந்த ரீமின் கீப்பர் ஹான்ஸ் டில்கோவ்ஸ்கி. 1966 உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தில், கோலா இல்லையா என்று இன்றைக்கும் சண்டை பிடிக்கிறார்களே, அந்தப் பந்து அடிக்கப்பட்டது அவருக்குத்தான். கொட்டாஞ்சேனைக் கீப்பர் கவனிக்கவும்.

ஆனால் என் வீட்டுக்காரர் உண்மையில் ஹேர்னே ஆள் இல்லை, ஸோடிங்கன் ஆள். ஸோடிங்கன் ஹேர்னேக்குள்ளேயே ஒரு பகுதி. அங்கே மொன்ட் செனீஸ் என்று ஒரு சுரங்கம், அதை ஒட்டி எஸ்.வி. ஸோடிங்கன் கிளப். 1952இல் ஒபர்லீகாவுக்கு ஏறி, 1955இல் இரண்டாம் இடம் பிடித்து, ஜேர்மன் சாம்பியனைத் தீர்மானிக்கும் சுற்றுக்கும் போனார்கள். நம்முடைய மேர்கன்டைல் கிரிக்கெட்டில் நல்ல பந்துவீச்சாளனைக் கம்பனி வேலைக்கு எடுப்பதில்லையா? அங்கே அந்த வேலையைச் சுரங்கம் செய்தது. 1948 விதிப்படி ஒப்பந்த விளையாட்டுக்காரனுக்கு மாதம் 320 மார்க்குக்கு மேல் கொடுக்கக் கூடாது, கூடவே அவனுக்கு வேறொரு தொழிலும் இருக்க வேண்டும். 'பந்து விளையாடுகிறவனுக்கு நிலத்துக்கு மேலே இலேசான வேலை, எனக்குக் கீழே' என்று வீட்டுக்காரர் சிரிப்பார். பொறாமையெல்லாம் இல்லை. ஞாயிறு அவர்களுக்காகக் கத்துகிறவரும் அவர்தானே.

அந்த லீக்கின் சுவை அதுதான். முக்கால்வாசி ரீம் ஒன்றுக்கொன்று ட்ராம் ஓடும் தூரத்தில். நம்முடைய ஃபுட்போல் கிளப்புகள் சண்டர்ஸும் ரினௌனும் மோதும்போது கொழும்பில் இருக்கும் சூட்டை, வாராவாரம் பத்து ஊருக்கு நடுவில் வைத்துப் பாருங்கள். கற்றர்ன்பெர்க் என்ற சுரங்கக் கிளப்பில் இருந்து ரொட்-வைஸ் எசனுக்கு வந்த ஹெல்முட் ரான், 1954 உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தில், பேர்ணில் ஹங்கேரிக்கு எதிராக 3-2 என்ற அந்த வெற்றி கோலைப் போட்டான். அடுத்த வருடமே எசன் ஜேர்மன் சாம்பியன். 1956இலும் 57இலும் டோர்ட்முண்ட் சாம்பியன், இரண்டு இறுதி ஆட்டத்திலும் அதே பதினொரு பேர். 58இல் ஷால்க்கே.

பிறகு இரண்டு அடி. 1958இல் இருந்து நிலக்கரி விலைபோகவில்லை, சுரங்கங்கள் மூடத் தொடங்கின. நல்ல விளையாட்டுக்காரர்கள் காசுக்காக இத்தாலிக்குப் போகத் தொடங்கினார்கள். 1962இல் சிலி உலகக் கிண்ணத்தில் ஜேர்மனி காலிறுதியோடு வீட்டுக்கு வந்தது. அதே வருடம் ஜூலை 28, ஜேர்மன் ஃபுட்போல் சங்கத்தார் டோர்ட்முண்டில் கூடி, 103க்கு 26 வாக்குகளால் நாடு முழுவதுக்கும் ஒரே லீக், அதாவது பண்டெஸ்லீகா, என்று தீர்மானித்தார்கள். 46 கிளப்புகள் விண்ணப்பித்தன, எடுத்தது 16. மேற்குக்கு ஐந்து இடம்: டோர்ட்முண்ட், கெல்ன், ஷால்க்கே, மைடரிச், மியூன்ஸ்டர். ஹேர்னே இல்லை, எசன் இல்லை. டில்கோவ்ஸ்கியே 1963இல் டோர்ட்முண்டுக்குப் போய்விட்டார். ஸோடிங்கனை அதற்குப் பிறகு யாரும் பெரிய லீக்கில் காணவில்லை.

அந்த முடிவு பிழை என்று நான் சொல்லமாட்டேன். வீட்டுக்காரருக்கு முன்னால் மட்டும் சொன்னதில்லை.

பம்பலப்பிட்டி சிவப்பு:

திரும்பி வந்த அண்ணா, 16இல் பயேர்ன் மியூனிக்கைச் சொல்லவே இல்லையே? விட்டுவிட்டீர்களா?

திரும்பி வந்தவன்:

விடவில்லை, அவர்கள்தான் விடப்பட்டார்கள். தெற்குக்கும் ஐந்து இடம். ஒரு நகரத்துக்கு ஒரு கிளப் என்று வைத்திருந்தார்கள், 1963இல் தெற்கின் சாம்பியன் அதே நகரத்தின் '1860 மியூனிக்' கிளப். பயேர்ன் 1965இல்தான் கீழே இருந்து ஏறி வந்தது. மேற்கிலும் அழுகை இருந்தது. கடந்த 12 வருடப் புள்ளிகளைக் கூட்டி, அண்மைய வருடங்களுக்கு மூன்று மடங்கு போட்டுக் கணக்குப் பார்த்தார்கள். இடம் கிடைக்காத ஆகன் கிளப்பின் ஊரில் அந்தக் கணக்கை இன்னும் ஏற்கவில்லை. நடுவில் புகுந்த மியூன்ஸ்டர் ஒரே வருடத்தில் இறங்கியது, திரும்பி ஏறவே இல்லை.

கொட்டாஞ்சேனை கீப்பர்:

சரி, சரி, ஒப்புக்கொள்கிறேன். டில்கோவ்ஸ்கி ஒபர்லீகா ஆள் என்று தெரிந்திருந்தால் வாயே திறந்திருக்கமாட்டேன். ஆனால் அந்தப் பந்து கோட்டைத் தாண்டவில்லை. அதில் மாற்றமில்லை.

வெள்ளவத்தைப் பெடியன்:

திரும்பி வந்த அண்ணா, நன்றி சொல்லவா, கோபிக்கவா என்று தெரியவில்லை. நீங்கள் எழுதியதை மாமாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். 'நீலக் கோடு' என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, தன்னோடு பேக்கரியில் நின்ற ஒரு கிழவருக்கும் அப்படி இருந்தது என்றார். கொத்துக்குச் சொல்லியாகிவிட்டது, ஏழு சிக்கன், நாலு முட்டை. மப்ளரைச் சுவரில் மாட்டலாம் என்று எடுக்கப் போனால் அம்மா காலையிலேயே சவர்க்காரம் போட்டுத் தோய்த்துக் காயப்போட்டிருக்கிறார். நீலம் கரைந்து வெள்ளைக்குள் இறங்கிவிட்டது. மாமா இன்னும் பல்கனிப் பக்கம் போகவில்லை.