டயமன்டினா: முந்நூறு பேர்கூட இல்லாத இடத்துக்குத் தனி கவுன்சில் தேவையா?

செந்தில்_பிரிஸ்பேன்
ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் மேற்கு எல்லையில் இருக்கிறது டயமன்டினா ஷயர், அதாவது தனி கவுன்சில் உள்ள ஒரு கிராமப்புற உள்ளாட்சிப் பகுதி. பரப்பு சுமார் 95,000 சதுர கிலோமீட்டர், டாஸ்மேனியாவைவிடப் பெரிது. மக்கள்தொகை 300கூட இல்லை. பெடூரி, பேர்ட்ஸ்வில் என்று இரண்டு சிற்றூர்கள், மிச்சமெல்லாம் மாட்டுப் பண்ணைகளும் பாலைவனமும். இதற்கு ஒரு மேயர், நான்கு கவுன்சிலர்கள், ஒரு நிர்வாக அதிகாரி, வருடாவருடம் தணிக்கை. உள்ளூர் வரியை வைத்து இது ஓடாது, மானியத்தில்தான் ஓடுகிறது. பக்கத்து பூலியா, பார்கூ ஷயர்களிலும் கிட்டத்தட்ட இதே நிலைமை. மூன்றையும் ஒன்றாக்கினால் அலுவலகத்துக்குப் போகும் பணம் சாலைக்குப் போகும். 2008இல் மாநிலத்தின் 157 கவுன்சில்களை இணைத்து 73 ஆக்கியபோதே இதைச் செய்திருக்க வேண்டும்.

கலா_நர்ஸ்
செந்தில் அண்ணா, 2008இல் இந்த மூன்றையும் தொடாமல் விட்டதற்குக் காரணம் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து ஊர்களைச் சேர்த்தால் செலவு மிச்சமாகும். இங்கே பெடூரிக்கும் பேர்ட்ஸ்வில்லுக்கும் நடுவிலேயே 200 கிலோமீட்டர். அந்த வட்டாரத்தின் பெரிய ஊரான லாங்ரீச்சிலிருந்து பேர்ட்ஸ்வில் போக ஏறக்குறைய 700. மண்சாலையைச் சமப்படுத்தும் கிரேடர் வண்டி எந்த ஊரில் நின்றாலும் மண்சாலையின் நீளம் குறையாது.

அப்புறம், அங்கே கவுன்சில் குப்பையும் குடிநீரும் மட்டும் பார்க்கவில்லை. தொலைதூர ஊர்களுக்குப் பறந்து வரும் மருத்துவரின் விமானம் இறங்கும் ஓடுதளம் அதன் பொறுப்பு. மாநில அரசின் சாலைகளையும் ஒப்பந்தத்தில் அதுவே பராமரிக்கிறது. பெடூரியில் பெரும்பாலான வேலை கவுன்சில் வேலைதான். அலுவலகம் வேறு ஊருக்குப் போனால் நாலைந்து குடும்பங்கள் கிளம்பும், அவர்களோடு பள்ளிப் பிள்ளைகளும் கிளம்புவார்கள். அவ்வளவு சின்ன பள்ளி அதைத் தாங்குமா?

செந்தில்_பிரிஸ்பேன்
பேர்ட்ஸ்வில்லிலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே போனால் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம். பேர்ட்ஸ்வில் டிராக் என்ற சாலையின் மறுமுனையில் இருக்கும் மாரி என்ற சிற்றூருக்குக் கவுன்சிலே கிடையாது. அந்த மாநிலத்தின் இன்னொரு சிற்றூரான இன்னமிங்காவுக்கும் கிடையாது. சாலையை மாநில அரசு பார்க்கிறது, மற்றதற்கு அவுட்பேக் (உள்நாட்டு வறண்ட பகுதி) சமூகங்கள் ஆணையம் இருக்கிறது. அங்கேயும் மக்கள் வாழத்தானே செய்கிறார்கள்?

முருகேசன்_அடிலெய்டு
வாழ்கிறார்கள், சரி. ஆனால் அந்த ஆணையத்தின் உறுப்பினர்களை அவர்களா தேர்ந்தெடுக்கிறார்கள்? அரசு நியமிக்கிறது, அலுவலகம் போர்ட் அகஸ்டாவில். என் பாரவண்டி வேலையில் இரண்டு பக்கமும் போய்வந்திருக்கிறேன். சேனல் கன்ட்ரி என்று சொல்லும் இந்த ஆற்றுச் சமவெளியில் வெள்ளம் வரும்போது தலைக்கு மேலே வானம் தெளிவாக இருக்கும். மழை பெய்தது எங்கோ வடக்கே, டயமன்டினா, ஜார்ஜினா ஆறுகள் நாள் கழித்து வந்து தரையெல்லாம் பரவும். சாலை ஆற்றைக் கடக்கும் எந்த இடம் முதலில் மூழ்கும், சாலையை எப்போது மூட வேண்டும் என்பது அங்கேயே இருப்பவருக்குத்தான் தெரியும். 2025 வெள்ளத்தில் மேற்கு குயின்ஸ்லாந்தில் லட்சத்துக்கும் மேல் கால்நடைகள் போயின. அந்த மாதிரி நேரத்தில் 700 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அலுவலகத்துக்கா போன் போட்டு நிற்பது?

செந்தில்_பிரிஸ்பேன்
பணிமனையும் ஆட்களும் அங்கேயே இருக்கட்டும், நிர்வாகத்தை மட்டும் சேர்க்கலாம் என்கிறேன். ஒரு பொறியாளர், ஒரு கணக்காளர் கிடைப்பதே அந்தப் பகுதியில் பாடு. மூன்று கவுன்சில்கள் ஏன் தனித்தனியாகத் தேட வேண்டும்? இல்ஃப்ராகோம் ஷயர் 2008இல் லாங்ரீச்சோடு சேர்ந்தது, ஊர் அழிந்துவிடவில்லையே.

கலா_நர்ஸ்
இல்ஃப்ராகோம் லாங்ரீச்சிலிருந்து 27 கிலோமீட்டர் அண்ணா! அதை எப்படி பேர்ட்ஸ்வில்லோடு ஒப்பிடுகிறீர்கள்?

ஆள் பற்றாக்குறை உண்மை, அதை நானும் பார்க்கிறேன். ஆனால் பகிர்ந்துகொள்ள இணைப்பு எதற்கு? டயமன்டினா, பூலியா, பார்கூ, வின்டன், லாங்ரீச், பார்கால்டின், பிளாக்கால்-டாம்போ என்று ஏழு கவுன்சில்கள் ராபாட் என்ற பொது அமைப்பில் ஏற்கெனவே சேர்ந்து வேலை செய்கின்றன. பொறியாளரை அந்த வழியில் பகிரலாம்.

இன்னொன்று. 2008இல் இணைக்கப்பட்ட நூசா, டக்ளஸ், லிவிங்ஸ்டன், மரீபா நான்கும் வாக்கெடுப்பில் ஜெயித்து 2014இல் மறுபடி தனி கவுன்சில்களாகப் பிரிந்து வந்தன. பிரியும் செலவு அந்த ஊர்க்காரர்கள் தலையில்தான் விழுந்தது. நூசாவால் முடிந்தது. முந்நூறு பேரால் முடியுமா? அவர்களுக்குக் கவுன்சில் போனால் போனதுதான்.

செந்தில்_பிரிஸ்பேன்
ராபாட் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது இருந்தும் மூன்று தணிக்கை, மூன்று நிர்வாகம் தொடர்கிறதே. அந்தச் செலவில் எத்தனை கிலோமீட்டர் தார் போடலாம் என்று மூன்று கவுன்சில்களும் கணக்கை மக்கள் முன் வைக்கட்டும். இணைப்பு வேண்டுமா என்று அதைப் பார்த்து அந்த ஊர்க்காரர்கள் ஓட்டுப் போடட்டும்.

முருகேசன்_அடிலெய்டு
ஓட்டுக்கு நானும் சம்மதம். ஆனால் மூன்று ஷயரின் ஓட்டையும் ஒரே பெட்டியில் போட்டு எண்ணக்கூடாது, தனித்தனியாக எண்ண வேண்டும். ஒரு ஷயர் வேண்டாம் என்றால் அதை விட்டுவிட வேண்டும்.