பங்குக் கிணற்றடியில் படித்த சுற்றாடல்

புவியியல் படித்தவள், கோண்டாவில்:

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருக்கும் தங்கை ஒருத்தி, "சுற்றாடல் படிக்க ஆசை. எந்தப் பீடத்துக்கு விண்ணப்பிப்பது?" என்று கேட்டிருந்தாள். ஒரு பீடத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட என்னால் முடியவில்லை. புன்னாலைக்கட்டுவனில் ஒரு கிணற்றடியில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

சாதாரண தரம் வரை நாங்கள் நால்வரும் ஒரே வகுப்பு. பிறகு நான் கலைப் பிரிவில் சேர்ந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தேன். ஒருத்தி இரசாயனவியல், இன்னொருத்தி சட்டம். நான்காமவள் விவசாய பீடம். அவளுக்கு வகுப்புகள் கிளிநொச்சி அறிவியல் நகரில். கோயில் திருவிழாக்களில் கண்டு சிரித்துக்கொள்வதோடு சரி. என் ஆய்வுக்கு நிலத்தடி நீரை எடுத்தபோதுதான் மறுபடி ஒன்றுகூடினோம்.

நீரைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும் என்ற எண்ணம் அப்போது இருந்தது. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். நாங்கள் குடிப்பதெல்லாம் சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தங்கும் மழைநீர். அது அடியிலுள்ள உவர் நீரின்மேல் மெல்லிய வில்லையாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கும் என்பது பாடக் கணக்கு. மேலே கொஞ்சம் கூடுதலாக இறைத்துவிட்டால் கீழிருந்து உவர் ஏறிவிடும். நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பதைச் சின்ன வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

அந்தத் தோட்டக் கிணற்றை வரைபடத்தில் குறித்தேன். மலசலகூடக் குழிகள் எல்லாம் தூரத்தில் இருந்தன. மலக்கழிவிலிருந்து கசிந்து நீரில் கலக்கும் நைத்திரேற்று என்ற உப்பு குறைவாகத்தான் இருக்கும் என்று எழுதிவைத்தேன். செப்டெம்பரில் எடுத்த நீர் மாதிரி என் பக்கம் நின்றது. நவம்பர் கடைசியில் எடுத்தது, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருந்தது. போத்தலைச் சரியாகக் கழுவவில்லை என்று, மாதிரியைச் சோதித்த இரசாயனவியல் தோழியை நான் குற்றம் சாட்டினேன். கிணற்றை மாற்றிக் குறித்துவிட்டாய் என்று அவள் என்னைச் சொன்னாள். இரண்டு நாள் பேசாமல் இருந்தோம்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. கிளிநொச்சியிலிருந்து வந்தவள் நேரே தோட்டத்துக்குள் இறங்கினாள். குந்தியிருந்து ஒரு வெங்காயத்தைப் பிடுங்கி, வேரை விரலால் அளந்து காட்டினாள். ஒரு சாண்கூட இல்லை. "இந்த வேருக்கு எட்டாமல் போன உரம் எங்கே போயிருக்கும்?" என்றாள். வரம்பில் நின்ற தோட்டக்கார ஐயா முந்திக்கொண்டார்: "மழை பெய்தால் கீழேதானே போகும், பிள்ளை. செம்பாட்டு மண் தண்ணீரைப் பிடித்து வைக்காதே." கோடை முழுக்க மண்ணில் தங்கிய உரத்தின் நைத்திரேற்றை மாரியின் முதல் மழைகள் கழுவி, வெடிப்பு விழுந்த சுண்ணக்கல் வழியே கிணற்றுக்கு இறக்கிவிடுகின்றன. இரண்டு அளவீடுகளும் சரிதான். என் வரைபடத்தில் குழிகள் இருந்தன, உரமும் இல்லை, மழையும் இல்லை.

ஆனால் என்னை அதைவிட அசைத்தது சட்டம் படித்தவள் கேட்ட கேள்வி. "இந்தக் கிணறு யாருடையது?" நாங்கள் மூவரும் ஐயாவைப் பார்த்தோம். அவர் உள்ளே போய், மடிப்பு விழுந்து ஓரம் பொடிந்த காணி உறுதி ஒன்றைக் கொண்டுவந்தார். கிணற்றில் நாலில் ஒரு பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் என்று அதில் எழுதியிருந்தது. நான்கு வீட்டுக்கு ஒரு கிணறு, இறைப்புக்கு முறை நாட்கள். ஒருவர் உரத்தைக் குறைத்தாலும் மற்ற மூவர் குறைக்காவிட்டால் தண்ணீர் மாறாது. காணி எல்லைகளைக் கவனமாக வரைந்த நான், இந்தப் பங்கை எங்கும் குறிக்கவில்லை. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை இன்றும் எங்கள் சொத்துகளை ஆள்கிறது என்பதைப் பரீட்சைக்கு வரும் விடயமாக மட்டுமே அறிந்திருந்தேன். அது தண்ணீரின் குணத்தோடு தொடர்புடையது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது பெரிய விடயமாக எழுந்த 2014, 2015 காலத்தில் நாங்கள் பாடசாலைப் பிள்ளைகள். 2019இல் உயர் நீதிமன்றம் அது தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியை அந்தத் தீர்ப்பில் படித்ததும்தான் சட்டத்தைத் தெரிந்தெடுத்தேன் என்றாள் தோழி. எண்ணெய் கலந்ததை நிரூபிக்க இரசாயனம் வேண்டும், அது எங்கிருந்து எங்கே பரவியது என்று காட்டப் பாறையியல் வேண்டும். அதை நீதிமன்றத்தில் நிற்கவைக்க அவளைப்போல ஒருத்தி வேண்டும்.

தங்கைக்கு: எந்தப் பீடம் கிடைத்தாலும் சேருங்கள். சேர்ந்த முதல் மாதத்திலேயே பக்கத்துப் பீடத்தில் ஒரு சிநேகிதியைத் தேடிக்கொள்ளுங்கள்.

இரசாயனவியல் படித்தவள், உரும்பிராய்:

போத்தல் கழுவவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டவள் நான்தான். அவள் எழுதாமல் விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன்.

அந்த நான்கு வீடுகளில் ஒன்றில் மூன்று மாதக் குழந்தை இருந்தது. நாங்கள் போனபோது ஆச்சி அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார். தாய்க்குப் பால் போதாமல் மாப்பால் கரைத்துக் கொடுக்கிறார்கள். "பேரனுக்குக் கொதித்த தண்ணீர் மட்டும்தான்" என்று பெருமையோடு சொன்னார். எனக்கு நெஞ்சு பதறியது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் செறிவு கூடும். நிறமும் ருசியும் இல்லாததால் யாருக்கும் தெரியவும் வராது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் வலுவை அது குறைத்துவிடும், உடல் நீலம் பாரிக்கும்.

சொன்னோம். ஆச்சி சட்டியை இறக்கிவைத்துவிட்டு, "அப்படியென்றால் எந்தத் தண்ணீரைக் கொடுக்கச் சொல்கிறாய், பிள்ளை?" என்று கேட்டார்.

நால்வரிடமும் அப்போது பதில் இல்லை. மூன்று வருடம் படித்து வைத்திருந்தது எல்லாம் அந்த அடுப்படியில் போதவில்லை. குழந்தையை உடனே குடும்பநல மாதுவிடம் காட்டச் சொல்லிவிட்டு, அன்று மாலையே தோட்டங்களுக்கு அப்பாலுள்ள கோயில் கிணற்றிலும் இரண்டு வீட்டுக் கிணறுகளிலும் மாதிரி எடுத்தோம். ஆய்வுகூடத்தில் இடம் கேட்டு வாங்கி மறுநாளே சோதித்தேன். கோயில் கிணறு எல்லைக்குள் இருந்தது. அதன்பின் அந்த வீட்டுப் பெரிய பையன் தினமும் காலையில் சைக்கிளின் பின்னால் கானைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்வந்தான்.

அடுத்த மாரியிலும் போய் பங்குக் கிணற்றையும் கோயில் கிணற்றையும் சோதித்தோம். பங்காளிகள் நால்வரையும் கிணற்றுக் கட்டில் இருத்தி, வெங்காயத்துக்கு எந்த நாளில் எவ்வளவு உரம் போடுகிறார்கள் என்று கேட்டு எழுதியவள் சட்டம் படித்தவள். அந்தக் கொப்பி இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.