லீட் கிட்டார்: பெண்டிங்கில் சுருதி சேரவில்லை

களியக்காவிளை: சர்ச் கொயரில் இதுவரை கார்டு (பல சுரங்களைச் சேர்த்து அடிப்பது) மட்டும்தான் வாசித்தேன். இப்போது எலக்ட்ரிக் கிட்டார் வாங்கி லீட் (தனி மெட்டு வாசிப்பது) பழகுகிறேன். 5-ஆம் ஃப்ரெட்டில் (கழுத்துப் பலகையின் கட்டம்) ஏ மைனர் பென்டடானிக் என்ற ஐந்து சுர வரிசை ஓரளவு ஓடுகிறது. மூன்றாம் கம்பியை வளைத்தால் மட்டும் சுருதி எட்டவே மாட்டேன் என்கிறது, விரல் நுனியும் எரிகிறது. என்ன செய்யலாம் அண்ணா?

மார்த்தாண்டம்: ஒற்றை விரலால் தள்ளாதே மக்கா. மோதிர விரல் 7-ஆம் ஃப்ரெட்டில் இருக்கட்டும். நடுவிரலும் ஆள்காட்டி விரலும் அதே கம்பியில் பின்னால் துணை நிற்கட்டும். பூட்டில் சாவி திருப்புவதுபோல் மணிக்கட்டைத் திருப்பு, பலம் அங்கிருந்துதான் வரணும். முதலில் இரண்டாம் கம்பி 5-ஆம் ஃப்ரெட்டை அடித்துக் கேள். அது ஈ (E) சுரம். நீ 7-ஆம் ஃப்ரெட்டில் வளைக்கிற டி (D) சுரம் சரியாக அந்த ஈ-யில் போய் ஒட்டவேண்டும். வேகமெல்லாம் அப்புறம். விரல் எரிச்சல் காய்ப்புப் பிடித்தால் போய்விடும்.

பாறசாலை: கம்பி என்ன கேஜ் (தடிமன்)? 10 என்றால் 9 போட்டுப் பாருங்கள், வளைக்க லேசாக இருக்கும்.

களியக்காவிளை: 10 தான். புல் ஆஃபிலும் (அழுத்திய விரலை எடுத்து அடுத்த சுரத்தை ஒலிக்கவைப்பது) சத்தமே வருவதில்லை.

மார்த்தாண்டம்: விரலைச் சும்மா தூக்குகிறாய் போல. கம்பியைப் பக்கவாட்டில் சுண்டிவிட்டு எடு. கீழ் ஃப்ரெட்டில் நிற்கிற விரல் அதற்கு முன்பே அழுத்தியிருக்கணும்.