புதுப்பிப்பு: அப்பாவின் செயற்கைக்கால்

சர்க்கரை நோயால் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்த என் 71 வயது அப்பாவுக்குச் செயற்கைக்கால் ஒத்துவருமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். ஒத்துவந்தது; முழங்கால் மூட்டு தப்பியிருந்தது பெரிய துணையாக அமைந்தது. படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும் என்று இயன்முறை மருத்துவர் எச்சரித்ததை, இதே நிலையில் இருப்பவர்கள் தொடக்கத்திலிருந்தே கடைப்பிடிக்க வேண்டுகிறேன்.

வலது காலின் எஞ்சிய பகுதி முதல் சில மாதங்களில் வற்றிச் சுருங்கியதால், அது பொருந்தும் செயற்கைக்காலின் கிண்ணம் போன்ற மேற்பகுதியான சாக்கெட் தளர்ந்தது. கூடுதல் காலுறை அணிவித்துச் சமாளித்து, பின்னர் புதிதாகச் செய்துகொண்டோம். இல்லாத பாதத்தில் எரிச்சல் இரவில் இன்னும் வருகிறது; அது மனப்பிரமை அன்று, மருத்துவரிடம் சொல்லவேண்டிய உண்மையான வலி. பிறர் துணையின்றிக் கழிப்பறைக்குச் செல்ல முடிவதே அப்பாவுக்கு எல்லாவற்றிலும் பெரிய நிம்மதி. இடது பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பதால், புண் உண்டா என்று அதைத் தினமும் பார்த்துவருகிறோம்.